டீச்சரிடம் கேளுங்கள்: கதவைத் தட்டினீர்களா?

இந்த மாதத் தபாலில் வந்த ஒரு கடிதம் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். அதே விஷயத்தைத் தொட்டு வந்த வேறு சில கடிதங்களையும் சேர்த்துக்கொண்டேன். பிள்ளைகளின் பரீட்சை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டீச்சர், எங்கள் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது எங்களை இந்த மலிவுவிலை அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். ஐந்து மாடி, 60 வீடு. வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர்ப் பம்பு நின்றுவிடும். இதற்காக ஒரு கூட்டம் போட்டேன். நோட்டீஸ் அடித்து எல்லாக் கதவிலும் ஒட்டினேன். நாலு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் என் வீட்டுக்காரர். யூனிவர்சிட்டியில் படிக்கும் என் மகள், "அறுபதுகளில் அமெரிக்காவில் ஏழைகள் இருந்த பகுதிகளில் இப்படித்தான் ஆட்களைச் சேர்த்தார்கள், படித்துப் பாருங்கம்மா" என்கிறாள். அவர்கள் எப்படிச் சேர்த்தார்கள்? நம்ம ஜனங்களிடம் அது நடக்குமா?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, நோட்டீஸ் ஒட்டினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கதவைத் தட்டினீர்களா?

உங்கள் மகள் சொல்வது சரி. ஆனால் அங்கே போனவர்களும் ஆரம்பத்தில் தப்புக் கணக்குத்தான் போட்டார்கள். அதிலிருந்தே சொல்கிறேன். 1963-ல் 'ஜனநாயக சமுதாயத்துக்கான மாணவர்கள்' என்ற அமைப்புக்கு வாகனத் தொழிலாளர் சங்கம் 5,000 டாலர் கொடுத்தது. அதை வைத்துத் தொடங்கிய திட்டத்தில், 1964 கோடை விடுமுறையில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிப் பிள்ளைகள் சிகாகோ, நியூவர்க், கிளீவ்லாந்து போன்ற நகரங்களின் ஏழைப் பகுதிகளுக்குப் போய்க் குடியிருந்தார்கள். சிகாகோவில் வேலையில்லாதவர்கள் உதவித்தொகைக்கு வரிசையில் நிற்கும் ஆபீசுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து, 'வேலை கொடு, இல்லை வருமானம் கொடு' என்றே தங்கள் அமைப்புக்குப் பெயர் வைத்தார்கள். இயந்திரம் வந்து எல்லாருடைய வேலையையும் பிடுங்கப்போகிறது, அப்போது கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாகச் சேருவார்கள் என்பது அவர்கள் எண்ணம். புத்தகத்தில் படித்து வந்த எண்ணம்.

கதவைத் தட்டியபோது ஜனங்கள் சொன்னது வேறு. குப்பை வண்டி வருவதில்லை. குளிர்காலத்தில் வீட்டுச் சொந்தக்காரர் வெந்நீர் விடுவதில்லை. எலித் தொல்லை. போலீஸ் கெடுபிடி. உதவித்தொகை ஆபீசில் பேசுகிற பேச்சு. வேலையைப் பற்றிப் பேசுவதா, குப்பையைப் பற்றிப் பேசுவதா என்று அந்தப் பிள்ளைகளுக்குள்ளேயே பெரிய விவாதம் நடந்தது. கடைசியில் சிகாகோக்காரர்கள் அப்டவுன் என்ற பகுதிக்கு மாறினார்கள். அங்கே இருந்தவர்களில் பலர் தெற்கே மலைநாட்டிலிருந்து வந்த ஏழை வெள்ளையர்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை போய், சாமான்களைக் கட்டிக்கொண்டு நகரத்துக்கு வந்தவர்கள். தோட்டம் போய் அடுக்குமாடிக்கு வந்த நமக்கு அவர்களைப் புரியாதா என்ன? அவர்களிடம் அந்த மாணவர்கள் முதலில் காதைத்தான் கொடுத்தார்கள். அப்புறம்தான் வாடகை நிறுத்தம், உதவித்தொகை ஆபீசில் முறையீடு, போலீஸ் நிலையத்துக்கு ஊர்வலம் எல்லாம்.

எனக்கும் இந்தப் பாடம் பட்டுத்தான் புரிந்தது. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற வருடம், நான் குடியிருக்கும் பிளாட்டில் தண்ணீர்த் தொட்டிப் பிரச்சினைக்காகக் கூட்டம் போட்டேன். ஏழு பேர் வந்தார்கள். முப்பத்திரண்டு வருடம் டீச்சராக இருந்தவள் கூப்பிட்டால் வருவார்கள் என்று நம்பியிருந்தேன், அதனால் வேதனையாகத்தான் இருந்தது. மறுநாளிலிருந்து சாயங்காலம் ஏழு மணிக்கு வீடு வீடாகப் போனேன். நாலாவது மாடியில் ஒரு பாட்டி. தோட்டத்தில் முப்பது வருடம் ரப்பர்ப் பால் வெட்டியவர். தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். "தண்ணி வராட்டி பக்கத்து ஊட்ல ரெண்டு வாளி வாங்கிக்குவேன் டீச்சர். எனக்கு இந்தப் படிக்கட்டுதான் பயம்" என்றார்.

படிக்கட்டு விளக்கு எரிந்து எட்டு மாதமாகியிருந்தது. பேத்தி பேக்டரியில் ஷிப்டு வேலை. இரவு பதினோரு மணிக்கு பஸ் இறக்கிவிடும். ஒருநாள் அந்த நேரத்துக்கு நான் போய்ப் பார்த்தேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதில் பாட்டி உட்கார்ந்திருக்கிறார். நெற்றியில் பழைய தலைவிளக்கு, பால் வெட்டும்போது கட்டிக்கொள்வதுதான். பட்டையின் ரப்பர் தளர்ந்துபோனதால் பின்னால் ஊக்குக் குத்தியிருந்தார். கீழே காலடிச் சத்தம் கேட்டதும் தலையைக் குனிந்து படிகளின் மேல் வெளிச்சம் காட்டினார். அந்தப் பெண் ஓடி ஏறி வந்தாள். எட்டு மாதமாகத் தினமும் இது நடந்திருக்கிறது. மூன்றாவது மாடியில் குடியிருக்கும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த கூட்டத்தை அந்தப் படிக்கட்டிலேயே வைத்தோம், பதினோரு மணிக்கு, பாட்டியின் விளக்கு வெளிச்சத்தில். நோட்டீஸ் கிடையாது. பாட்டியே நாலைந்து பேரைக் கூப்பிட்டார், அவர்கள் மற்றவர்களைக் கூப்பிட்டார்கள். முப்பத்தொரு பேர். ஷிப்டு வேலைக்குப் போகும் பெண்பிள்ளைகள் உள்ள வீடு எங்கள் பிளாட்டில் பதினான்கு இருந்தது என்று அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது. பராமரிப்புப் பொறுப்பில் இருந்தவர்களிடம் பதினான்கு தாய்மார்களும் சேர்ந்து போனார்கள். ஒன்பதாம் நாள் விளக்கு எரிந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு அப்புறம் இரண்டு வருடம் பிடித்தது. ஆனால் அந்த இரண்டு வருடமும் கூட்டத்துக்கு ஆள் குறையவில்லை.

நம்ம ஜனங்களிடம் நடக்குமா என்று கேட்கிறீர்கள். ஜானி டில்மன் என்ற அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன், அப்புறம் நீங்களே சொல்லுங்கள். 1926-ல் ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்தவர். அப்பா அடுத்தவர் நிலத்தில் விளைச்சல் பங்குக்குப் பயிர் செய்த கறுப்பினத்து விவசாயி. பருத்திக் காட்டில் வளர்ந்தவர். பிறகு கலிபோர்னியாவுக்கு வந்து லாண்டரியில் சட்டை இஸ்திரி போடும் வேலை, ஆறு பிள்ளைகள். உடம்புக்கு முடியாமல் போய் 1963-ல் உதவித்தொகை வாங்கவேண்டிய நிலை வந்தது. லாஸ் ஏஞ்சலஸில் வாட்ஸ் பகுதியில் ஓர் அரசாங்கக் குடியிருப்பில் இருந்தார். உதவி வாங்கும் தாய்மார்களை அதிகாரிகள் எப்படி நடத்துகிறார்கள் என்பதை அப்போதுதான் நேரில் பார்த்தார். நடுராத்திரியில் வந்து கதவைத் தட்டி, வீட்டில் ஆம்பளை யாராவது இருக்கிறாரா என்று அலமாரிக்குள் தேடுவார்கள். இருந்தால் பிள்ளைகளின் சாப்பாட்டுக் காசு நின்றுவிடும். வாங்குகிற பெண்களுக்கோ வெளியில் சொல்ல வெட்கம்.

டில்மன் அந்தக் குடியிருப்பில் அக்கம்பக்கத்துத் தாய்மார்களைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்தார். 'பெயர் சொல்லாத தாய்மார்கள்' என்று பொருள் வருகிற மாதிரி பெயர் வைத்தார்கள். லாண்டரியில் தொழிற்சங்கப் பிரதிநிதியாக இருந்த பழக்கம் அவருக்குக் கைகொடுத்தது. இதேபோல் பல ஊர்களில் தாய்மார்கள் தனித்தனியாகச் சேர்ந்திருந்தார்கள். 1966 ஜூன் மாதம் ஒஹாயோவில் கிளீவ்லாந்திலிருந்து தலைநகரான கொலம்பஸ் வரை 155 மைல் நடந்தார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூருக்கு நடப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் 30-ம் தேதி அவர்கள் போய்ச் சேர்ந்த அன்றைக்கு வேறு பல நகரங்களிலும் தாய்மார்கள் தெருவில் இறங்கினார்கள். ஜார்ஜ் வைலி என்ற வேதியியல் பேராசிரியர், கல்லூரி வேலையை விட்டுவிட்டு வந்து இவர்களையெல்லாம் ஒரே அமைப்பாக இணைக்கப் பாடுபட்டார். அந்தத் தேசிய அமைப்பின் தலைவரானவர் டில்மன். சந்தா கட்டும் உறுப்பினர்கள் ஒரு காலத்தில் இருபதாயிரத்தைத் தாண்டினார்கள்.

அவர்கள் கையில் இருந்த ஆயுதம் என்ன தெரியுமா? இலாகாவின் விதிமுறைப் புத்தகம். ஒரு குடும்பத்துக்கு எத்தனை கட்டில், எத்தனை போர்வை, பிள்ளைக்குக் குளிர்காலக் கோட்டு எத்தனை என்று அதில் எழுதியிருக்கும். வாங்குகிறவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. நியூயார்க்கில் தாய்மார்கள் அந்தப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, "உன் வீட்டில் இது இருக்கிறதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு, நூற்றுக்கணக்கில் ஆபீசுக்குப் போய் நின்றார்கள். நிறையப் பேருக்குக் கிடைத்தது. 1968-ல் நகரம் அந்தச் சிறப்பு உதவியையே நிறுத்திவிட்டு எல்லாருக்கும் ஒரே தொகை என்று மாற்றியது. அதோடு அந்தப் போராட்டத்தின் வேகம் குறைந்தது, அதையும் மறைக்கக்கூடாது. ஆனால் வீட்டில் ஆம்பளை இருந்தால் காசு கிடையாது என்ற அலபாமா மாநிலத்தின் விதியை 1968-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விசாரிக்காமல் உதவித்தொகையை நிறுத்தக்கூடாது என்று 1970-ல் இன்னொரு தீர்ப்பு வந்தது. கதவைத் திறக்கப் பயந்துகொண்டிருந்த பெண்கள் நாட்டின் சட்டம் மாறுகிற இடம் வரை வந்தார்கள்.

ஆகவே தங்கச்சி, தண்ணீரைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று வீடு போதும். நோட்டுப் புத்தகத்தை உள்ளே கொண்டு போகாதீர்கள், வெளியே வந்து எழுதுங்கள். காப்பி கொடுத்தால் குடியுங்கள். வந்த மற்ற மூன்று பேரில் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள், வீட்டுக்காரரை மட்டும் வேண்டாம். ஆம்பளை வந்து நின்றால் சில வீடுகளில் பெண்கள் வாசலிலேயே பேச்சை முடித்துவிடுவார்கள்.

கேள்வி: சவுல் அலின்ஸ்கி என்பவர்தான் இதற்கெல்லாம் குரு என்று படித்தேன். அவர் உண்மையில் என்ன செய்தார்?
– கல்லூரி மாணவர், கோல கங்சார்

பதில்: தம்பி, அவர் 1939-ல் சிகாகோவில் இறைச்சித் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருந்த ஏழைக் குடியிருப்பில் தேவாலயங்களையும் தொழிற்சங்கத்தையும் ஒரே மேசையில் உட்கார வைத்தவர். மக்கள் தாங்களே செய்துகொள்ளக்கூடியதை நீ அவர்களுக்காகச் செய்யாதே என்பது அவர் விதி. வெளியிலிருந்து வரும் அமைப்பாளர் மூன்று வருடத்தில் கிளம்பிவிட வேண்டும் என்பது இன்னொன்று. நான் அவரைக் குரு என்று சொல்லமாட்டேன். உட்லான் பகுதியில் நடந்ததைப் பார்த்தால் அங்கே இருந்தவர்கள்தான் உங்கள் கண்ணில் படுவார்கள்.

உட்லான், சிகாகோவின் தெற்கே கறுப்பினத்தவர்கள் வாழ்ந்த பகுதி. பக்கத்திலேயே பெரிய பல்கலைக்கழகம், அது தன் வளாகத்தை இவர்கள் பக்கம் விரிக்கத் திட்டம் போட்டது. 1961-ல் அங்குள்ள சபைகளும் சங்கங்களும் ஒன்றாகச் சேர்ந்தன. முன்னால் நின்றவர் ஆர்தர் பிரேசியர் என்ற போதகர். அலின்ஸ்கியின் ஆட்கள் உதவிக்கு இருந்தார்கள். பல்கலைக்கழகத்தோடு மோதுவதற்கு முன் அவர்கள் கையில் எடுத்தது என்ன என்று நினைக்கிறீர்கள்? தராசு! அந்தப் பகுதிக் கடைகளில் சிலவற்றில் எடையில் ஏமாற்றுகிறார்கள் என்று பெண்கள் சொன்னார்கள். ஒரு தேவாலயத்தின் வளாகத்தில் தராசை வைத்து, கடையில் வாங்கியதை அங்கே கொண்டுவந்து நிறுத்துப் பார்க்கச் சொன்னார்கள். அவ்வளவுதான். கடைக்காரர்கள் வந்து ஒழுங்காக நடப்போம் என்று ஒப்பந்தம் போட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. எங்கள் தோட்டத்தில் ஒட்டுப்பால், அதாவது உறைந்த ரப்பர்ப் பால், நிறுக்கும் இடத்தில் தராசின் முள் எப்போதும் கணக்கெழுதும் கிராணியின் பக்கம் திரும்பியிருக்கும். முள்ளைப் பார்க்க முடியாத பக்கம் பெண்கள் வரிசை. அம்மா வீட்டிலேயே ஒரு செங்கல்லை வைத்து உத்தேசமாகத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போவார். குறைத்துப் போட்டால் கையில் தெரியும், வாயால் சொல்ல முடியாது. ஊர் நடுவில் ஒரு தராசு வைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த வரிசையில் நின்றவர்களைக் கேளுங்கள், தம்பி.

அதே 1961 ஆகஸ்ட் 26-ம் தேதி, உட்லானிலிருந்து 46 பஸ்களில் இரண்டாயிரம் பேருக்கு மேல் நகர மன்றத்துக்குப் போய் வாக்காளராகப் பதிந்துகொண்டார்கள். பள்ளிக்கூடப் பிரச்சினையும் இருந்தது. கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளில் இடமில்லாமல் இரண்டு நேரமாக வகுப்பு, வெள்ளையர் பகுதிகளில் காலி வகுப்பறைகள். இல்லை என்று அதிகாரிகள் சாதித்தார்கள். தாய்மார்களே அந்தப் பள்ளிகளுக்குள் நுழைந்து காலி அறைகளைப் படம் எடுத்தார்கள், அத்துமீறி நுழைந்ததாகக் கைதானார்கள். இரண்டு நேரப் பள்ளியில் மாலை வகுப்புப் பிள்ளைகள் நாலு மணி வெயிலில் சோர்ந்து விழுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாய்மார்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கை கூப்பத் தோன்றுகிறது. கடைசியில் பல்கலைக்கழக விஷயத்திலும், வீடுகளை இடிப்பதற்கு முன் காலி நிலத்தில் குறைந்த வாடகை வீடு கட்டத் தொடங்க வேண்டும் என்பதை 1963-ல் மேயர் டேலியை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். முதலில் வீடு, அப்புறம் இடிப்பு. எத்தனை தோட்டங்களில் இது தலைகீழாக நடந்தது!

கேள்வி: எங்கள் குடியிருப்பின் கழிவுநீர்ப் பிரச்சினைக்காக மனு மேல் மனு போட்டும் பதில் இல்லை. என்ன செய்வது?
– குடியிருப்பாளர், பீடோர்

பதில்: பிரச்சினையையே கொண்டு போய்க் காட்டுங்கள். 1963 கடைசியில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், ஜெஸ்ஸி கிரே என்பவர் தலைமையில் ஏழைக் குடித்தனக்காரர்கள் வாடகை கட்ட மறுத்தார்கள். வெந்நீர் இல்லை, கூரை ஒழுகல், எலி. வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். விசாரணைக்கு வந்தவர்கள் தங்கள் வீட்டில் பிடித்த எலிகளையே நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். நீதிபதி என்ன செய்தார் என்றால், வாடகையை வீட்டுக்காரரிடம் கொடுக்கவேண்டாம், நீதிமன்றத்தில் கட்டுங்கள் என்றார். உங்கள் மனுவில் "கழிவுநீர்ப் பிரச்சினை" என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஒரு வார்த்தை. அந்தத் தண்ணீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து, தேதி எழுதி, கொண்டு போய் மேசையில் வையுங்கள்.

கேள்வி: எங்கள் தோட்ட வீடுகளுக்கு மாற்று வீடு தருவதாகக் கையெழுத்துப் போட்ட கடிதம் இருக்கிறது. இப்போது வந்திருக்கும் புது மேனேஜர், அந்தக் கடிதம் செல்லாது, போட்டவருக்கு அதிகாரமே இல்லை என்கிறார். ஆட்கள் மனம் உடைந்துவிட்டார்கள்.
– முன்னாள் தோட்டத் தொழிலாளி, பத்து காஜா

பதில்: ஐயா, இதே வார்த்தையை ரோசெஸ்டர் நகரத்து மக்களும் கேட்டார்கள். 1964-ல் அங்கே பெரிய கலவரம் நடந்து, மறுவருடம் கறுப்பின மக்கள் ஃபைட் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பிராங்க்ளின் புளோரன்ஸ் என்ற போதகர் தலைவர். ஊரின் பெரிய முதலாளி கோடாக் கம்பெனி, நாம் கல்யாணப் படம் எடுத்த பிலிம் எல்லாம் அவர்களுடையதுதான். ஏழைகளில் 600 பேரைப் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்க வேண்டும் என்று கேட்டு, 1966 டிசம்பர் 20-ம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. கம்பெனி சார்பில் போட்டவர் ஒரு துணை அதிகாரி. இரண்டே நாளில் மேலிடம், அவருக்கு அதிகாரம் இல்லை, ஒப்பந்தம் செல்லாது என்றது.

அவர்களும் மனம் உடைந்துதான் போயிருப்பார்கள். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. அமைப்பின் பெயரில் கோடாக்கின் பத்துப் பங்குகளை வாங்கினார்கள். பங்குதாரர் கூட்டத்துக்குள் நுழைய அது டிக்கெட். அப்புறம் நாடு முழுக்க, அந்தக் கம்பெனிப் பங்குகளை வைத்திருந்த தேவாலயங்களைத் தேடிப் போய், உங்கள் ஓட்டை எங்கள் பக்கம் கொடுங்கள் என்று கேட்டார்கள். பல சபைகள் கொடுத்தன. 1967 ஏப்ரலில் நியூஜெர்சியில் நடந்த கூட்டத்துக்கு ஊரிலிருந்து பஸ்களில் போனார்கள். ஓட்டில் ஜெயிக்கவில்லை. ஆனால் ஒரு கம்பெனி தன் பங்குதாரர் கூட்டத்தில் ஏழைகளுக்குப் பதில் சொல்லவேண்டிய நிலை வந்தது. ஜூன் மாதம், அந்த அமைப்பை அங்கீகரித்துக் கம்பெனியிலிருந்து தந்தி வந்தது.

உங்கள் விஷயத்தில் நான் கேட்பது இதுதான்: அந்தக் கம்பெனியில் யாருடைய பணம் இருக்கிறது? நிறையப் பெரிய தோட்டக் கம்பெனிகளில் சாதாரண ஜனங்களின் சேமிப்புப் பணம் போட்டிருக்கிறது. உங்கள் மருமகனின் சேமநிதிகூட அதில் இருக்கலாம். கம்பெனியின் ஆண்டறிக்கையை யாராவது படித்த பிள்ளையை விட்டு எடுத்துப் பாருங்கள். கடிதத்தின் அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். நகல் எடுத்து, உறுதிமொழி ஆணையரிடம் சான்று வாங்கி, ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று வையுங்கள்.

கேள்வி: அமெரிக்க அரசாங்கமே இதற்குப் பணம் கொடுத்ததாமே?
– வாசகர், தெலுக் இந்தான்

பதில்: கொடுத்தது. 1964-ல் ஜனாதிபதி ஜான்சன் வறுமைக்கு எதிரான போர் என்று அறிவித்துச் சட்டம் கொண்டுவந்தார். உள்ளூர்த் திட்டங்களில் ஏழைகள் 'இயன்றவரை முழுமையாகப் பங்கேற்க வேண்டும்' என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. அப்படிப் பங்கேற்ற ஏழைகள் நகர மன்றத்தையே கேள்வி கேட்டதும் மேயர்கள் கொதித்தார்கள். 1967-ல் சட்டத்தைத் திருத்தி, உள்ளூர் ஆட்சியாளர்கள் விரும்பினால் கட்டுப்பாட்டைத் தங்கள் கையில் எடுத்துக்கொள்ளலாம் என்று வழி செய்துவிட்டார்கள். மானியம் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சங்கத்தின் வாடகையும் தேநீர்ச் செலவும் மட்டும் சந்தாவில் நடக்கட்டும்.

கேள்வி: நியூவர்க்கில் மாணவர்கள் மூன்று வருடம் வேலை செய்தும் 1967-ல் கலவரம் வெடித்து ஊரே எரிந்தது. மாணவர்களும் போய்விட்டார்கள். பிறகு இதில் என்ன பயன் கண்டீர்கள்?
– ஓய்வு பெற்ற அரசு ஊழியர், ஈப்போ

பதில்: ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. அந்த ஜூலையில் 26 பேர் இறந்தார்கள். டாம் ஹேடன் என்ற மாணவர் தலைவரும் அவர் நண்பர்களும் அங்கே கிளின்டன் ஹில் பகுதியில் வீடு வீடாகப் போனவர்கள். பிள்ளைகள் கடக்கும் ஒரு சந்திப்பில் போக்குவரத்து விளக்கு வேண்டும் என்று அந்தப் பகுதி ஜனங்களோடு சேர்ந்து நகர மன்றத்துக்கு நடையாய் நடந்தார்கள், சாலையில் நின்று வண்டிகளை மறித்தார்கள். ஒரு விளக்குக்கே அவ்வளவு இழுத்தடித்தார்கள். கேட்கவேண்டிய விதத்தில் கேட்டவர்களுக்கு அந்த நகரம் கொடுத்த பதில் அது. கலவரத்துக்குக் காரணம் தேடுகிறவர்கள் அங்கே தேடட்டும். கதவைத் தட்டியவர்கள்மேல் நான் பழி போடமாட்டேன்.

ஆனால் ஒன்றில் உங்களோடு ஒத்துப்போகிறேன். வெளியிலிருந்து வந்தவர்களுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது. அந்த இடத்துக்காரர்களுக்கு இல்லை. அதனால்தான் அப்டவுனில் நடந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாணவர்கள் விலகிய பிறகு அந்தப் பகுதி வெள்ளை இளைஞர்கள் தாங்களே 'இளம் தேசபக்தர்கள்' என்று அமைப்பு வைத்தார்கள். 1969-ல் சிகாகோவின் 'கறுஞ்சிறுத்தைகள்' என்ற கறுப்பின இயக்கத்தினரும் புவேர்ட்டோ ரிக்கோ வம்சாவளி இளைஞர்களும் இவர்களும் ஒரே அணியில் நின்றார்கள். அந்த அணியைச் சேர்த்த பிரெட் ஹாம்ப்டனுக்கு வயது 21. அந்த வருடம் டிசம்பர் 4-ம் தேதி விடியற்காலையில் போலீசார் அவர் வீட்டுக்குள் நுழைந்து சுட்டுக் கொன்றார்கள். பயனே இல்லாத வேலை என்றால் அவ்வளவு பயந்திருக்கமாட்டார்கள், ஐயா.

கேள்வி: டீச்சர், அமெரிக்காவை விடுங்கள். அதே அறுபதுகளில் நம் தோட்டங்களில் பத்து வெள்ளி சேர்த்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?
– எழுபத்தைந்து வயது வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அக்கா, மறப்பேனா? வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த நேரம். வாங்கியவர்கள் ஆட்களை வெளியே தள்ளினார்கள், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் காலியானது. நம் ஊர்க்காரர், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். ஒரு பங்கு நூறு வெள்ளி, மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். விற்கிற தோட்டத்தைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்குவது என்று திட்டம். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். ஒருநாள் கூலி இரண்டு மூன்று வெள்ளியாக இருந்த காலத்தில் பத்து வெள்ளி என்றால் நாலு நாள் பால் வெட்டு.

அம்மாவின் மைலோ டின் என்னிடம்தான் இருக்கிறது. மூடி துருப்பிடித்து, கரண்டியின் காம்பால் நெம்பித்தான் திறக்க வேண்டும். உள்ளே பத்து ரசீதும் இருக்கின்றன. அதோடு என் கணக்குப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு பக்கம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீடு. சம்பளத்தன்று சாயங்காலம் அம்மா வரிசையாக ஒவ்வொரு வீட்டுக்கும் போய், இந்த மாதம் கட்ட முடியுமா என்று பேசிவிட்டு வருவார். வீட்டுக்கு ஒரு வரி, கட்டியவர்களுக்கு ஒரு கோடு. பென்சிலை எச்சில் தொட்டுப் போட்ட கோடுகள், இன்னும் கறுப்பாகவே இருக்கின்றன.

அதில் பதினோராவது வீட்டுக்கு நேரே ஒரு மாதம் மட்டும் கோட்டுக்குப் பதிலாக ஒரு சின்ன வட்டம் இருக்கும். அம்மா கண் மூடுவதற்கு முந்தின வருடம் அது என்ன என்று கேட்டேன். கொஞ்ச நேரம் விரலால் தடவிப் பார்த்தார். "அவுங்க வீட்டுக்காரரு மரத்துலேர்ந்து விழுந்து படுத்திருந்தாரு. அந்த மாசம் நான் கேக்கப் போகல. கஞ்சி கொண்டு போனேன்" என்றார்.